அட்டையில் இருக்கும் கணவர்

நடுவில் இன்னொருவர் நிற்கலாம், அவ்வளவு இடைவெளி விட்டு நிற்கிறார்கள் இருவரும். இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக அக்காவும் அவள் கணவரும் எடுத்துக்கொண்ட புகைப்படம் அது. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயரிங் செய்யும் தொழிற்சாலையில் அவள் லைனில் வேலை செய்கிறாள். நான் வருகைப் பதிவும் அட்டைகளும் பார்க்கும் டைம் ஆபீசில். உடன்பிறந்தவள் அல்ல. சேர்ந்த முதல் வாரம் கேன்டீனில் தட்டோடு விழித்துக்கொண்டு நின்ற என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்தவள். அந்தப் படத்தின் மேல் கம்பெனி முத்திரை குத்தியது நான்தான். அன்றே அவள் முழங்கையில் கொதிநீர் பட்ட வடு இருந்தது. ஊற்றியவர் படத்தில் பக்கத்தில் நிற்கிறார்.

அவள் விவாகரத்துக்கு வக்கீலைப் பார்த்த சமயத்தில்தான் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அரசு மருத்துவமனையில் பதிந்திருந்தும் முறை வரவில்லை. அவள் வேலையில் இருக்கும்வரை, கணவர் என்ற முறையில் அவள் அட்டையில் சிகிச்சை கிடைக்கும். விவாகரத்தானால் பெயர் போய்விடும். “எங்கூரு வடக்குப்பட்டுல அல்லாரும் தல முழுகிட்டு வாடின்றாங்க. தல முழுகுனா அந்தாளு ஒரு மாசம் தாங்கமாட்டான். கொலகாரி ஆவணுமா நானு?” என்று கேட்டாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா இன்றும் கைநாட்டு. படித்தவள் என்ற கர்வம் எனக்கு நிறையவே உண்டு. அதை மறைத்ததும் இல்லை. சட்டப் புத்தகத்தைப் புரட்டி, வக்கீலிடமும் கேட்டு, அவளுக்கு விளக்கினேன். நீதிமன்றப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரே வீட்டில் வாழ வேண்டியதில்லை, ஆனால் திருமணம் முறியாது. அவர் கணவராகவே இருப்பார், அட்டையிலும் இருப்பார். “படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்டி!” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். உத்தரவு கிடைத்ததும் குன்றத்தூரில் தனி அறை எடுத்தாள். முதல் ஞாயிறு பத்து மணிவரை தூங்கியதை லைன் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். நான் படித்ததற்குப் பலன் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடம், ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் திருநெல்வேலிக்காரர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். அக்கா என் ஜன்னலுக்கு வந்து, முகம் கொள்ளாத வெட்கத்தோடு, “இன்னா பாப்பா, உன் கோர்ட்டு பேப்பர்ல கண்ணாலம் கட்டிக்க எடங்கீதா?” என்றாள். இல்லை என்றேன். ஆனால் ஓராண்டுக்கு மேல் பிரிந்தே இருந்ததால் இப்போது சுலபமாக விவாகரத்து கேட்கலாம் என்று சட்டத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “அப்ப அதே கத்தியத்தான் மறுபடி என் கையில குடுக்குற.”

திருநெல்வேலிக்காரர் கொஞ்ச காலம் காத்திருந்தார். பிறகு ஊருக்குப் போய் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். சேதி வந்த அன்று கம்பெனி பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “அடி வாங்கிக்கினு கூட இருந்தப்ப ஒரு நாளும் அவன் சாவணும்னு நெனச்சதில்ல பாப்பா. இப்ப கண்ணு முழிச்சதும் அதான் மொதல்ல நெனக்கிறேன். போன் எதுனா வந்துகீதான்னு பாக்குறேன்.” அவள் என்னைக் குறை சொல்லவில்லை. தன்னைப் பற்றித்தான் சொன்னாள்.

போன மாதம் அவள் கணவரே டைம் ஆபீசுக்கு வந்தார். அக்கா இன்னும் வேலையில் இருக்கிறாள் என்ற கடிதம் மருத்துவமனைக்கு வேண்டுமாம். எலும்பும் தோலுமாக ஓர் ஆளை நான் எதிர்பார்த்திருந்தேன். அப்படி எதிர்பார்த்திருந்தேன் என்பது அவரைக் கண்டபோதுதான் எனக்கே தெரிந்தது. மழித்த முகம், வெள்ளைச் சட்டை, கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தது. “அல்லாம் உங்க புண்ணியம்மா. டாக்டரு இன்னும் பத்து வருசம் கேரண்டின்றாரு” என்று சிரித்தார். கடிதத்தைக் கொடுத்தேன்.

டீ இடைவேளையில் அக்கா வந்தாள். அவர் வந்துபோனதை கேட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“எப்டி கீறான்?”

“நல்லா இருக்காருக்கா.”

“சரி. அப்ப நானும் லீவு கீவு போடாம ஓடணும்” என்று சொல்லிவிட்டு, பெல் அடிக்கும் முன்பே லைனுக்குத் திரும்பினாள்.