கல்லூரிப் பெயர்களைச் சொல்லி ஜெபித்த வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அம்மா இருந்தார்கள், பாஸ்டரம்மா இருந்தார்கள். சென்னையில் என்ஜினீயரிங் படித்து வேலைக்குப் போகும் எங்கள் சபை ஸ்டெல்லா அக்காவும் லீவு போட்டு வந்திருந்தார்கள். அப்பா இல்லை. அவர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் சேல்ஸ்மேன். ஆவணிக் கல்யாணங்களுக்குப் புடவை எடுக்கும் நேரம், கடையை விட்டு நகர முடியாது.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியும் எனக்கு நிம்மதி இல்லை. என்ஜினீயரிங் ஆன்லைன் கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரியை மேலே போடுவது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவரே கிடையாது. தனியாருக்கு வழியில்லை, அரசுக் கல்லூரிதான். சென்னைக்கு மாநிலமே போட்டி போடும். கோவைக்கும் போட்டிதான், ஆனால் சென்னை அளவுக்கு இல்லை; வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிகள் அங்கேயும் வரும் என்றார்கள். எங்கள் ஊர்க் கல்லூரியில் எனக்கு நிச்சயம் இடம் உண்டு. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். ஆனால் என் மனம் அங்கே இல்லை.

அப்பாதான் வரிசை சொன்னார். "எடுத்ததும் நல்ல புடவையைக் காட்டக் கூடாதுப்பா. சாதாரணத்த விரிக்கணும், அப்புறம் அதுக்கு மேல. முகூர்த்தப் புடவை கடைசியா வரணும். அப்பதான் வியாபாரம் படியும்."

அப்படியே ஊர்க் கல்லூரியை முதலிலும், கோவையை நடுவிலும், சென்னையைக் கடைசியிலும் பதிவு செய்தேன். அதை மாற்ற வெள்ளிக்கிழமை மாலை வரைதான் நேரம். பதிவு செய்த பிறகும் நெஞ்சு பாரமாகவே இருந்தது. ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை, நீரே காட்டும் என்று அழுதேன்.

பாஸ்டரம்மா பொதுவாக ஜெபித்து முடிக்கப் போனார்கள். அம்மா விடவில்லை. "பேர் பேரா சொல்லி ஜெபிச்சிடலாம்மா. நீ வரிசையா படிப்பா" என்றார்கள். படித்தேன். சென்னை பெயர் வந்ததும் ஸ்டெல்லா அக்கா கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

"ஏம்பா, சென்னை ஏன் கடைசில இருக்குது?"

அப்பாவின் புடவைக் கணக்கைச் சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்ப்யூட்டர் இன்னா கல்யாணப் பொண்ணா, எல்லாத்தையும் பார்த்துக்கினு உட்கார்ந்திருக்க? மேலயிருந்து பார்க்கும். மொதல்ல எதுல எடம் இருக்குதோ, அதையே கட்டிக் குடுத்து அனுப்பிடும்."

மீதி ஜெபத்தைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி பாஸ்டரம்மா என்னையும் அக்காவையும் அனுப்பிவைத்தார்கள். வழியில் அப்பாவுக்குப் போன் செய்தேன். "அக்கா சொல்ற மாதிரியே செய்பா. எனக்குக் கடைதான் தெரியும்" என்றார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் வரிசையைத் தலைகீழாக மாற்றினோம்.

சென்னை கிடைக்கவில்லை. என்னைவிட மார்க் அதிகம் உள்ளவர்களோடு அங்கே இடம் முடிந்துவிட்டது. அடுத்து இருந்த கோவை கிடைத்தது. பழைய வரிசையே இருந்திருந்தால் ஊர்க் கல்லூரிதான். அதுவும் நல்ல கல்லூரி, என் நண்பன் அங்கேதான் படிக்கிறான். ஆனால் நான் வெளியூர் போய்ப் படிக்க ஏங்கியது தேவனுக்குத் தெரியும். இப்போது இறுதியாண்டு. காலையில் ஜெபிக்காமல் வகுப்புக்குப் போவதில்லை. லீவில் வந்தால் சபைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரிசை போட்டுக் கொடுக்கிறேன்.

அன்பானவர்களே, தேவனுக்கு எல்லாம் தெரியும் என்று பொதுவாக ஜெபித்து எழுந்துவிடாதீர்கள். பெயர் சொல்லி, வாய்விட்டுக் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மூலமாகவும் அவர் பதில் சொல்லுவார். அன்று எங்களுக்கு ஆன செலவு பிரவுசிங் சென்டரில் முப்பது ரூபாய். அதையும் ஸ்டெல்லா அக்காதான் கொடுத்தார்கள்.