தெற்குச் சேறு

பூன் லேயில் குடியிருந்த டானியலாவுக்கு ஜூரோங்கில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் வேலை. கடலடிச் சேற்றைச் சல்லடையில் கழுவி, அதில் வாழும் புழு, சிப்பி, குட்டி நண்டு எல்லாவற்றையும் வகை பிரித்து எண்ண வேண்டும். தூத்துக்குடியில் கடல் உயிரியல் படித்துவிட்டுக் கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தவள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "சேத்துல புழு பொறுக்குறேன்" என்பாள். அதைச் சொல்லும்போது கொஞ்சம் கசக்கும்.

அவளுக்கு ஒதுக்கியிருந்தது வடக்குச் சேறு. கிராஞ்சிப் பக்கம், மலேசியாவைப் பிரிக்கும் நீரிணையில் ஓட்டம் மந்தம். வந்து சேரும் கழிவு அடியில் தங்கி அழுகும். அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். பெரும்பாலான உயிர்கள் அங்கே நிற்பதில்லை. நூல் துண்டு மாதிரி ஒரு மெல்லிய புழு மட்டும் நிற்கும். மற்றவை போன இடத்தில் அது பல மடங்கு பெருகும். சோதனைக்கூடத்தில் அதற்கு 'நூலு' என்று பட்டப்பெயர். டானியலாவின் தட்டில் எந்நாளும் நூலுதான்.

பக்கத்து நாற்காலியில் யும்னா. டானியலாவுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள், சிங்கப்பூரிலேயே பிறந்து படித்தவள். அவளுக்குத் தெற்குத் தீவுச் சேறு. அங்கே ஓட்டம் உண்டு. ஒவ்வொரு வகையிலும் சிலதுதான் கிடைக்கும், ஆனால் வகைக்குக் குறைவில்லை. பாம்பு வால் போலக் கைகள் நெளியும் கடல் நட்சத்திரங்கள், நகத்தளவுச் சிப்பிகள், கண்ணாடி போன்ற இறால்கள். "ஐயோ, இதைப் பாருங்கக்கா, எவ்ளோ அழகு லா!" என்று யும்னா தன் சிங்கப்பூர்ப் பேச்சில் சொல்லித் தட்டை நீட்டும்போதெல்லாம் டானியலா எட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்பாள். அந்த ஒற்றை எழுத்துக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அடுத்த சுற்றுச் சேறு வரும்போது தெற்கைத் தனக்குத் தரும்படி மேலாளர் கதிரேசனிடம் அவள் கேட்டிருந்தாள். பார்க்கலாம் என்றிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை அவர் வந்து, வெளிநாட்டு ஆய்வாளர்கள் கூடும் கருத்தரங்கில் தெற்குத் தீவுகளைப் பற்றி யும்னா பேசுவாள் என்று சொல்லிவிட்டுப் போனார். டானியலா அப்போது வடக்குச் சேற்றைக் கழுவி முடித்திருந்தாள். கடைசியாகக் கழுவுபவர் பொதுச் சல்லடையைத் தூரிகையால் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கண்ணியில் ஒரு புழு சிக்கியிருந்தாலும் அடுத்தவர் கணக்கில் சேர்ந்துவிடும். அன்று அவள் தண்ணீரை ஒரு முறை ஊற்றி, அப்படியே மாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஞாயிறு, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து லிட்டில் இந்தியாவில் சாப்பிட உட்கார்ந்தபோது கணவன் ஆம்ப்ரோஸிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் அவன் தோசையைப் பிய்த்தபடி கேட்டான்.

"சம்பளம் உனக்குக் கம்மியா அந்தப் பிள்ளைக்குக் கம்மியா?"

"அவளுக்குத்தான் கம்மி."

"அப்புறம் என்னடி? ஊருல பொம்பளைங்க நகையைப் பார்த்துப் பொறாமைப்படுவாங்க. நீ அடுத்தவ புழுவைப் பார்த்துப் பொறாமைப்படுற."

"சிரிக்காதீங்க."

"நான் எங்க சிரிச்சேன்? சட்னி காரம்."

பொறாமை தொலைவில் இருப்பவர்மீது வருவதில்லை. அதற்குப் பக்கத்து நாற்காலி வேண்டும். அதே வெள்ளைக் கோட்டு, அதே இடுக்கி வேண்டும். யும்னா பெரிய பேராசிரியையாக இருந்திருந்தால் டானியலா நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை யும்னா கத்தினாள். "சார், இங்க வாங்களேன்! தெற்குல நூலு!"

அவள் தட்டில் சில நூலுகள் நெளிந்து கிடந்தன. கதிரேசன் குனிந்து பார்த்து நிமிர்ந்தார். "இது பெரிய விஷயம்மா. அந்த இடம் கெட ஆரம்பிச்சதுக்கு முதல் அடையாளம். கருத்தரங்குல இதையே சொல்லு."

டானியலாவுக்குக் காது சுட்டது. வருஷக்கணக்காகத் தன் தட்டில் கிடந்தபோது யாரும் திரும்பிப் பார்க்காத புழு, யும்னாவின் தட்டுக்குப் போனதும் கண்டுபிடிப்பாகிவிட்டது. அடுத்த கணம் வெள்ளிக்கிழமைச் சல்லடை ஞாபகம் வந்தது. சும்மா இருந்தால் யும்னா கருத்தரங்கில் தவறாகப் பேசி ஒரு நாள் மாட்டிக்கொள்வாள். அந்த நாள் வரும் வரை இந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். டானியலாவால் முடியவில்லை.

"அது என் புழு சார்," என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"வெள்ளிக்கிழமை நான் சல்லடையைத் தேய்க்கல. வடக்குச் சேறு அதுல ஒட்டியிருக்கும். அதெல்லாம் என்னோடது."

கதிரேசனின் முகம் இறுகியது. "இத்தனை வருஷமா இருக்கீங்க. நீங்களா?"

யும்னா கோபப்படவில்லை. "பரவாயில்லக்கா, சொன்னீங்களே," என்றாள். டானியலாவுக்கு அது அறைந்ததைவிட வலித்தது. பொறாமையில் சொன்னதை யோக்கியம் என்று யும்னா நினைத்துவிட்டாள்.

அதே இடத்தில் அள்ளிய இன்னொரு வாளிச் சேறு கழுவாமல் இருந்தது. கதிரேசன் புதுச் சல்லடையைப் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தாமே கழுவினார். மேலே சாம்பல் நிறம். விரலளவு தோண்டியதும் கறுப்பு. அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. டானியலா எதிரில் நின்றாள். இதில் நூலு இல்லையென்றால் பிழை அவளுடையது, கண்டுபிடிப்பு யாருடையதும் இல்லை. அதுவே போதும் என்று தோன்றியது.

தண்ணீர் வடிந்தது. சல்லடை நெடுக நூலு. முதல் தட்டில் கிடந்ததைவிட எவ்வளவோ அதிகம்.

"யும்னாவோடதுதான்," என்றார் கதிரேசன் மெதுவாக. ஆக, புழுவும் டானியலாவுடையதாக இல்லை. பழி மட்டும் அவளிடம் நின்றது.

மதியத்துக்கு மேல் கதிரேசன் இருவரையும் அழைத்தார். "சல்லடை விஷயம் சல்லடை விஷயம்தான். அதை எழுதித்தான் வைக்கணும். ஆனா தெற்கு இப்படியே போச்சுன்னா அங்க இனிமே நூலுக் கணக்குதான். அதுல டானியலாவுக்குத்தான் கை பழகியிருக்கு. அடுத்த சுற்று தெற்கை அவங்க எடுக்கட்டும், இந்தத் தட்டையும் அவங்களே எண்ணட்டும். யும்னா வடக்குக்கு மாறிக்கோம்மா."

"சரி சார்," என்றாள் டானியலா. வேகமாகச் சொல்லிவிட்டாள்.

யும்னா எழுந்தாள். தன் தட்டை டானியலாவின் மேசைக்கு நகர்த்தி, நுண்ணோக்கியின் விளக்கை அவள் பக்கம் திருப்பிவைத்தாள். கண் கலங்கியிருந்தது, அது தட்டு கைவிட்டுப் போனதற்கா, கடலுக்கா என்று சொல்ல முடியாது.

கேட்டது கிடைத்துவிட்டது. அந்தச் சேறு கெட்டதால்தான் தன் கைக்கு வந்தது என்று டானியலாவுக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளே இருந்த சந்தோஷம் குறையவில்லை. யும்னாவின் பக்கம் திரும்பாமல் இடுக்கியை எடுத்து, முதல் நூலுவைப் பொறுக்கினாள்.