விழுப்புரத்தில் ஓர் ஒத்திகை

அன்று விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் எங்கள் வீட்டு ஆட்கள் மூன்று பேர் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், என் அக்காவின் பெண். நான்காவதாக, கூடையில் மல்லாட்டை, அதாவது அவித்த வேர்க்கடலை, வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளி ஆட்களில் அன்றைக்கு அக்கா பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசியது அவர் ஒருவர்தான்.

பெண்ணுக்கு அப்போது பதினாறு நடந்துகொண்டிருந்தது. அவளுடைய அப்பா இறந்த மறு வருஷம் அக்கா நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போனாள். ஏழு வருஷமாகப் பெண் திண்டிவனத்தில் என்னிடம்தான் இருந்தாள். எனக்குக் குழந்தை இல்லை. இப்போது விசா வந்துவிட்டது. அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. சென்னையில் ஏறி, அபுதாபியில் இறங்கி, அங்கே வேறு விமானம் பிடித்து, பெண் தனியாகவே டப்ளினுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அக்கா போனில் சொன்னாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். விமான நிலையத்தை டிவியில் பார்த்ததோடு சரி. பெண் கக்கூஸுக்குப் போயிருக்கும்போது விமானக் கதவைச் சாத்திவிட்டால்? போனில் சார்ஜ் இறங்கிவிட்டால்? யாராவது ஒருத்தன் பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அதில் என்னவாவது இருந்துவிட்டால்? அந்த வாரம் ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது பக்கத்துக்கே வெட்டிவிட்டேன். அந்தத் துணிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஒத்திகை பார்க்கலாம் என்று தோன்றியது அதற்குப் பிறகுதான். திண்டிவனத்தில் ஏறும் பஸ் முதல் விமானம். விழுப்புரம் அபுதாபி. அங்கே இறங்கி வளவனூருக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும். வளவனூரில் என் நாத்தனார் வீடு இருக்கிறது, அது டப்ளின். போன் கிடையாது. எந்த பஸ், எந்த இடத்தில் நிற்கும் என்று அவளே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை நான் விளக்கிச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "வளவனூருக்கு பாஸ்போர்ட் எடுத்துகினு போவணுமா, வேணாவா?" என்று கேட்டார். பெண்ணுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. நான் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை பஸ் ஏற்றிவிட்டு, வீட்டில் இருப்போம் என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். அவர் மண்டியில் எடை போடுகிறவர். வாரத்தில் அந்த ஒருநாள்தான் அவருக்கு ஓய்வு. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

விழுப்புரத்தில் ஒரு ஜூஸ் கடைக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்த்தோம். பெண் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பை மடியில். இரண்டு கையும் பையின் மேல். நான் எப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தேனோ அப்படியே. வளவனூர் என்று பலகை போட்ட பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அப்படி ஒரு பஸ் அந்த நேரத்தில் இல்லை. புதுச்சேரி போகிற பஸ் எல்லாம் வளவனூர் வழியாகத்தான் போகும். யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். எங்களோடு வளவனூர் போனபோதெல்லாம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள். பலகையை எதற்குப் பார்த்திருக்கப் போகிறாள்?

ஒரு புதுச்சேரி பஸ் போயிற்று. பிறகு இரண்டு. கண்டக்டர் அவள் பக்கத்திலேயே நின்று கத்தி ஆள் ஏற்றினார். விசாரணை அலுவலகம் இருபது அடி தூரத்தில் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மல்லாட்டைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா பாப்பா, ரொம்ப நேரமா ஒக்காந்துகினு கீற, எங்க போவணும்?" என்று கேட்டது எங்களுக்கே கேட்டது. பெண் எழுந்தாள். பதில் சொல்லாமல் நாலு பெஞ்சு தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாதே, எழுந்து தள்ளிப் போய்விடு என்று அவளுடைய ஒன்பது வயதிலிருந்து சொல்லி வளர்த்தது நான். கடைக்குப் போனால் சில்லறையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். கடைக்காரர் கேட்கிற வரைக்கும் வாய் திறக்க மாட்டாள். நல்ல பெண், அடக்கமான பெண் என்று தெருவில் சொல்வார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும். பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில்தான், அதற்கே பத்தாவது வரைக்கும் நான் கூடப் போய் விட்டுவிட்டு வந்தேன்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்ததையும் உதறிவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன். அவள் திடுக்கிடவில்லை.

"நீ பின்னாடியே வருவன்னு தெரியும் சித்தி. அதான் ஒக்காந்துகினு இருந்தேன்" என்றாள்.

கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாளா, நான் வருவேன் என்று உட்கார்ந்திருந்தாளா? இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் பயம் ஒன்றுதான். அபுதாபியில் நான் ஜூஸ் கடைக்குப் பின்னால் நிற்க முடியாது. வளவனூருக்குப் போகாமலே மூன்று பேரும் திண்டிவனத்துக்குத் திரும்பினோம். நாத்தனார் கறி எடுத்துச் சமைத்து வைத்துவிட்டு, ஒரு மாசம் என்னோடு பேசவில்லை.

டிக்கெட் போட்ட கடையில் போய் விசாரித்தேன். தனியாகப் போகும் பிள்ளைகளுக்கு விமானக் கம்பெனியே துணைக்கு ஆள் போடுமாம். அவள் வயதுக்குக் கட்டாயமில்லை, கேட்டால் செய்வார்கள், கட்டணம் தனி. அந்தக் கட்டணம், போகவர அலைச்சல், காகிதச் செலவு எல்லாம் சேர்த்து மகளிர் குழுவில் இருபதாயிரம் கடன் வாங்கினேன். டப்ளினில் இறங்கியதும் அக்காதான் கையெழுத்துப் போட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்கா கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"பதினாறு வயசுப் பொண்ண பார்சல் பண்ணி அனுப்பறியா? உன் பயத்துக்கெல்லாம் நான் பணம் அனுப்ப மாட்டேன்."

விமான நிலையத்தில் வாசலுக்கு உள்ளே எங்களை விடவில்லை. விமானக் கம்பெனிச் சீருடை போட்ட ஒரு பெண் வந்தாள். என் அக்கா மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். பாஸ்போர்ட், விசா, சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் கேட்கிற வரிசைப்படி வைக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை விட்டு, ரவிக்கைத் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்திருந்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது. நிறத்தை வைத்துத்தான் எது எந்தக் காகிதம் என்று அடையாளம் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் உருவித் தன்னுடைய கவரில் போட்டுக்கொண்டு, துணிப்பையை என்னிடமே கொடுத்துவிட்டாள். பிறகு எங்கள் பெண்ணின் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினாள். பக்கத்தில் இதே மாதிரி அட்டையோடு ஆறு வயதுப் பையன் ஒருவன் நின்றிருந்தான். எங்கள் பெண் அவனைப் பார்த்தாள். அட்டையைத் திருப்பி, எழுத்து உள்ளே போகும்படி வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் அக்கா போன் செய்தாள். வந்து சேர்ந்துவிட்டாள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன் என்றாள். போனைப் பெண்ணிடம் கொடுத்தாள். சாப்பிட்டியா, குளிருதா என்று கேட்டேன். சாப்பிட்டேன், குளிருது என்றாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்: ஆள் போடாமல் அனுப்பியிருந்தால் அபுதாபியில் யாரையாவது வழி கேட்டிருப்பாயா?

"தெரியல சித்தி. நீதான் பாக்க வுடலயே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன். இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறாள். நான் கேட்பதற்குப் பதில் சொல்கிறாள். அக்கா சொன்னபடியே பணம் அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை; அவள் சொன்னதில் தப்பில்லை. செவ்வாய்க்கிழமை குழுவில் தவணை கட்டும்போது, பொண்ணு எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். இந்த வாரம் கட்டியது போக இன்னும் பதினோராயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி.