இந்தப் பல் யாருக்கு?

குளியலறைக் கதவுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, புதுச் சோப்பின் உறையைப் பிரித்து, ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டுக் கத்தியை எடுக்கிறாள். மேல்பக்கம் நான்கு மேடாகப் பிரிகிறது. நடுவே ஒரு பள்ளம், பள்ளத்திலிருந்து ஓடை மாதிரி ஒரு கோடு. சீவல் சீவலாக மடியில் உதிர்கிறது. கொஞ்ச நேரத்தில், யானைக்கு வாய் சிறுத்த ஒரு தங்கை இருந்தால் அவளுக்கு எப்படி இருக்குமோ அப்படி ஒரு கடைவாய்ப்பல் அவள் உள்ளங்கையில் கிடந்து மணக்கிறது.

உள்ளே தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்ட அண்ணன் கத்துகிறான்.

"ஏய் பல்லு! சோப்பைக் குடுக்கப் போறியா இல்லியா?"

"இருண்ணா, வேர் மட்டுந்தான் பாக்கி."

"வேரு எதுக்குடி, நட்டு வச்சுத் தண்ணி ஊத்தவா? கொண்டா இங்க!"

கதவிடுக்கில் ஈரக்கை நீளும். அதில் கடைவாய்ப்பல் வைக்கப்படும். அந்த வீட்டில் சோப்பை சோப்பாகப் பார்த்தவர் யாருமில்லை. அண்ணன் கடைவாய்ப்பல்லால் குளிக்கிறான், அம்மா கோரைப்பல்லால் முகம் கழுவுகிறாள், துணி துவைக்கிற பெரிய கட்டியில் ஒரு கீழ்த்தாடையே இருக்கிறது.

தெருவில் அவளுக்குப் பல்காரி என்று பெயர். பல் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று சிலர் நினைத்துக்கொண்டு அவளைப் பார்த்ததும் 'ஆ' காட்டுவார்கள். அவள் படிப்பது வேறு. டாக்டர் பிடுங்கிப் போட்டதற்குப் பதில் பல் செய்து கொடுக்கிற படிப்பு. மெழுகு, அச்சு, உலை, அரம், பளபளப்பேற்றும் சக்கரம் என்று அதற்கென ஒரு பட்டறை கல்லூரியின் பின்கட்டில் இருக்கிறது. இது கடைசி வருடம்.

ஆளைப் பார்த்தால் அவள் கண் நேரே வாய்க்குத்தான் போகும். முகம் அப்புறம்தான். ஒருநாள் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு அம்மாளைச் சித்தி என்று நினைத்து, பையை வாங்கிச் சுமந்து, வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தூக்குப்பல். விஷயம் தெரிந்த சித்தி வெகுநாள் இவளோடு பேசவில்லை. பேசினபோதும் உதட்டைத் திறக்காமல்தான் பேசினாள். பக்கத்து வீட்டு நாயின் பல்லுக்கும் பல்காரி அச்செடுக்கப் பார்த்தாள். பிசின் மாதிரி ஒட்டுகிற அந்தக் கலவையை நாய் ருசி பார்த்து விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த நாய் இவளைக் கண்டால் வாயை மூடிக்கொண்டுதான் குரைக்கும். எப்படி என்று கேட்காதீர்கள், குரைக்கும்.

இப்படிப்பட்டவளைத் தேடித்தான் அந்த வேலைப் பயிற்சி வந்தது. நகரத்தின் மறுகோடியில் பெரிய பல் தயாரிப்புக்கூடம். அங்கே பயிற்சிக்குப் போனவர்கள் அப்படியே வேலையில் ஒட்டிக்கொள்வார்கள் என்று கல்லூரியே ஏங்குகிற இடம். இரண்டு பேரை எடுத்தார்கள்: இவள் ஒருத்தி, இவளுடைய உயிர்த்தோழி ஒருத்தி. சுற்றிக் காட்டுவதற்காக மேற்பார்வையாளர் அம்மாள் இருவரையும் உள்ளே கூட்டிப்போனார். குளிர்ந்த கூடம், வெள்ளைக் கோட்டுகள், கண்ணாடிக்குள்ளே தானாகப் பல் கடைகிற இயந்திரங்கள். தோழி வாயைப் பிளந்தாள். பல்காரி பிளந்த வாயைப் பார்த்தாள், பிறகு ஒரு மேஜைமேல் சின்னப் பெட்டியில் இருந்த முன்பல் வரிசையைப் பார்த்தாள். முத்து முத்தாக, ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தது.

"மேடம், இந்தப் பல்லு யாருக்கு?"

மேற்பார்வையாளர் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினார். "இதுக்கு."

"இல்ல மேடம், ஆளு யாருன்னு..."

"ஆளு நமக்கு எதுக்கும்மா? அச்சு வரும், பல்லு போகும்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் வீட்டுக்கு வந்தவள் மறுநாளே போன் போட்டு, "மன்னிச்சுக்கங்க மேடம், நான் வரலை" என்று சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. "யோசிச்சுப் பாரும்மா. உன் இடத்தை இப்போதைக்குக் காலியாவே வச்சிருக்கேன்" என்றார். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். காலியாக ஒரு நாற்காலி அங்கே காத்திருக்கிறது என்பதுதான் பொல்லாத தொந்தரவு.

ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் சொன்னாள். அண்ணனிடம், ரொம்ப தூரம் என்றாள். கல்லூரி ஆசிரியரிடம், இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். தோழியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"மூஞ்சி பாக்காம பல்லு செய்ய மாட்டியா? ஏன்டி, நீ என்ன மாப்பிள்ளையா பாக்குறே?"

தோழி சேர்ந்துவிட்டாள். சாப்பாட்டு இடைவேளையில் தினமும் படம் அனுப்பினாள்: கோட்டு போட்ட படம், இயந்திரத்தோடு நிற்கிற படம், ஏசிக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு எடுத்த படம். பல்காரி எல்லாப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாள். பின்னால் ஒரு மூலையில் காலி நாற்காலி தெரிகிறதா என்று பார்த்தாள். பட்டறையில் கல்லூரியின் ஒரே உலை அன்றைக்கும் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது.

வேண்டாம் என்று சொன்ன வாயைக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டாள். அந்த வாய் சொன்னது நிஜந்தானா? இல்லை, அத்தனை பெரிய கூடத்தைக் கண்டு வெலவெலத்துப் போய், பயத்துக்கு ஒரு நல்ல சட்டையை மாட்டி வெளியே அனுப்பிவிட்டோமா? யோசிக்க யோசிக்க சட்டையும் தெரிந்தது, பயமும் தெரிந்தது. எது எதற்கு மேல் என்பதுதான் தெரியவில்லை.

முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். சலவைக் கடையில் இஸ்திரி போட்டுவிட்டு வந்தவள் கை கழுவப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள், கையில் சோப்போடு.

"இது என்ன?"

"சோப்பும்மா."

"அதான் கேக்குறேன். சோப்பு ஏன் சோப்பாட்டம் இருக்கு? வாங்கி வச்சு எத்தனை நாளாச்சு? உடம்பு கிடம்பு சரியில்லியா கண்ணு?"

அதற்கப்புறம் எதையும் மறைக்க முடியவில்லை. அம்மா முழுக்கக் கேட்டாள். திட்டவில்லை. பாதங்களை நீட்டித் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"நானும் யாரு சட்டைன்னு தெரியாமத்தான்டி தேய்க்கிறேன். அதுக்காக சட்டை கசங்கியா போகுது?"

அம்மாவே, தனக்குள் பேசுகிற மாதிரி, "குட்டிச் சட்டை வந்துச்சுன்னா மட்டும் கொஞ்சம் மெதுவாத் தேய்ப்பேன். அதுவா கை மெதுவாயிடும்" என்றாள். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். அம்மா சொன்ன இரண்டில் எது தனக்கான பதில் என்று பல்காரி இரவெல்லாம் புரண்டாள்.

கல்லூரி மருத்துவப் பிரிவில் அப்போது அவள் கையில் இருந்தது ஒரே ஒரு வேலை. பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் பஸ் அறிவிக்கிற அக்காவுக்கு ஒரு மேல்வரிசை. ஈறு நோயில் மேல்பற்கள் அத்தனையும் போயிருந்தன. எந்த பஸ் எங்கே நிற்கும் என்று அந்த ஊரே கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலின் பின்னால் நடந்த காலம் ஒன்று உண்டு. பல் போனபின் ஒலிபெருக்கியில் பஸ் என்று சொன்னால் டயரில் காற்று இறங்கியது. ஜனங்கள் சிரித்தார்கள். அக்கா விடுப்பு போட்டார். அவர் இடத்தில் பதிவு செய்த குரலையே போட்டுவிடலாம் என்று அலுவலகத்தில் பேச்சு ஓடியது. அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். சிரித்தபோது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது. பல்காரி அந்தக் கையைப் பார்த்தாள். அநேகமாக அவள் வாழ்க்கையில் வாய்க்கு முன்னால் பார்த்த முதல் கை அது.

மெழுகில் பல்லை அடுக்கி, வாயில் பொருத்திப் பார்க்கிற நாள் வந்தது. டாக்டர் மாட்டிவிட்டார்.

"எங்க, ஒரு எக்ஸ்பிரஸ் சொல்லுங்க பாப்போம்."

அக்கா சொன்னார். குக்கர் விசில் அடித்தது. டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பல்காரி சிரிக்கவில்லை. முன்பல் இரண்டும் ஒரு நூல் அளவு வெளியே நிற்கின்றன. கழற்றி வாங்கி, சுடரில் கத்தியைக் காட்டி, மெழுகை இளக்கி, ஒரு நூல் உள்ளே தள்ளினாள்.

"இப்போ சொல்லுங்கக்கா."

விசில் பாதியாயிற்று.

"வாய்க்கு வராம படுத்துற பஸ்ஸு எதெல்லாம்க்கா? அதையே சொல்லுங்க."

"எல்லாமே படுத்துதும்மா" என்ற அக்கா, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, காலை முதல் வண்டியிலிருந்து ஆரம்பித்தார். இவள் கழற்றுவதும் தள்ளுவதும் மாட்டுவதுமாக நின்றாள். மத்தியான வண்டிகளுக்கு வரும்போது அறை முழுக்கப் பழைய குரல் நிறைந்திருந்தது. வெளியே காத்திருந்த பல்வலிக்காரர் ஒருவர், தன் பஸ் கிளம்புகிறது என்று வீங்கிய கன்னத்தோடு எழுந்து ஓடிவிட்டாராம். டாக்டர்தான் சொன்னார், டாக்டரை முழுக்க நம்ப வேண்டியதில்லை.

மெழுகு வரிசை உலைக்குப் போய் நிஜப் பல்வரிசையாகி வந்தது. அக்கா அதை மாட்டிக்கொண்டு போனார். மறுபடி ஒலிவாங்கி முன்னால் உட்காருகிற நாளும் குறிக்கப்பட்டது. அன்றைக்குத்தானா அது வரவேண்டும்? காலையிலேயே தோழி போன் செய்தாள்.

"மேடம் உன்னையே கேட்டுக்கிட்டிருக்காங்கடி. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். இல்லன்னா வேற ஆளைக் கூப்பிட்டுருவாங்க. வீம்பு பிடிக்காதே. வர்றியா?"

"சொல்றேன்" என்றாள் பல்காரி.

"எப்போ?"

"சொல்றேன்டி."

ஒரே ஒரு அக்காவுக்காக ஒரு கூடத்தையே வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்கே தோன்றியது. அந்த அக்காவுக்கும் இன்றைக்கு ஒலிபெருக்கியில் விசில் அடித்தால்? கூடமும் போச்சு, அக்காவும் போச்சு. சாயங்காலம் கல்லூரியிலிருந்து பஸ் நிலையத்துக்கு நடந்தே போனாள். ஒலிபெருக்கி கட்டிய தூணுக்கு நேர் கீழே, எல்லோருக்கும் இடைஞ்சலாகப் போய் நின்றுகொண்டாள்.

"வழியில நிக்கிறியேம்மா, எந்த பஸ்ஸு?" என்று ஒரு மூட்டைக்காரர் கேட்டார்.

"எல்லா பஸ்ஸும்" என்றாள். அவர் நகர்ந்து போனார்.

கரகரவென்று ஒலிபெருக்கி தொண்டையைக் கனைத்தது. முதல் அறிவிப்பு. ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே போயிற்று. மூன்றாவதில் ஓரிடத்தில், தைக்கிற ஊசி துணியில் நுழைகிற அளவுக்கு, மெல்லிய ஒரு சீறல். வேறு எந்தக் காதுக்கும் அது கேட்டிருக்காது. இவளுக்குக் கேட்டது. புது வரிசையால் வந்ததா, ஒலிபெருக்கி பழசானதால் வந்ததா? அந்த யோசனையில் நின்றவளின் முன்னாலேயே, அறிவிக்கப்பட்ட அந்த பஸ் உறுமிக்கொண்டு வெளியே போனது. அது அவள் வீட்டுக்குப் போகிற பஸ்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து அக்கா இவளைப் பார்த்துவிட்டார். பஸ்ஸை விட்டதையும் பார்த்திருக்க வேண்டும், சிரிப்பில் தோள் குலுங்கியது. கை எழுந்து வாய்ப்பக்கம் போனது. பாதி வழியில் எதையோ மறந்துவிட்ட மாதிரி நின்றது. பிறகு கீழே இறங்கி ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தியது.

"பயணிகளின் கவனத்திற்கு..."

பல்காரியின் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள்: தோழி. வெளிச்சம் விட்டுவிட்டு மின்ன அது அவள் கையில் துடித்தது. அழுகிற குழந்தையை அமர்த்துகிற மாதிரி அதை வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பொத்திக்கொண்டாள். தலையை அண்ணாந்து, கண்ணை மூடி, தன் முன்பல்லின் பின்பக்கத்தில் நாக்கு நுனியை வைத்தபடி, எக்ஸ்பிரஸ்ஸில் அந்த 'ஸ்' வருகிற இடத்துக்காகக் காத்திருந்தாள்.