கீறல் விழுந்த தட்டு

பாலிகஞ்ச் ஆய்வகத்தில் மூன்று வருடம் நான் பார்த்த வேலையைச் சொன்னால் யாருக்கும் கொட்டாவிதான் வரும். எனக்கே வந்தது. வைரஸ் புகுந்து புத்தி கெட்டுப்போன செல்களைக் கொஞ்சமாக எடுத்து, நல்ல செல்களோடு ஒரு தட்டில் கலந்து வளர்க்க வேண்டும். நல்லது பக்கத்துச் செல்லைத் தொட்டதும் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். கெட்டது நிறுத்தாது, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் குவியும். அந்தக் குவியல்களை எண்ணி எழுதினால் எனக்கு பிஎச்.டி.

ஏறினால்தானே எண்ணுவதற்கு! ஒவ்வொரு முறையும் நல்ல செல்கள்தான் தட்டு முழுக்கப் பாய் விரித்ததுபோல் படுத்திருக்கும். குவியல் பெயருக்கு ஒன்றுகூட இருக்காது. 'வைரஸ் செல்கள் இறந்துவிட்டன' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தட்டை ப்ளீச்சில் அமுக்கிவிட்டு, டாக்குரியாவில் இருந்த என் வாடகை அறைக்குக் காலை இழுத்துக்கொண்டு நடப்பேன்.

எங்கள் சார் கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சு பாதியில் வங்காளத்துக்குத் தாவிவிடும். திட்டுவதற்கு மட்டும் தமிழ் தங்குதடையின்றி வரும்.

"ஏம்மா, இதுவும் போச்சா? உனக்குக் கைதான் சரியில்ல. பூஜோ முடிஞ்சு வந்து பாப்போம். அப்பவும் வரலேன்னா தலைப்பையே மாத்திக்கோ."

மாற்றுவதாம்! உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது.

துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் ஊட்டத்திரவம் மாற்றும்போது, அசதியில் பிப்பெட் முனை தட்டின் நடுவே கோடாகக் கிழித்துவிட்டது. சனியனே என்று என்னையே வைதுகொண்டேன். தூக்கிப்போடக்கூடத் தெம்பில்லை. அப்படியே இன்குபேட்டரில் திருப்பி வைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நல்ல செல்கள் உரிந்துபோன அந்தக் கோட்டில் மட்டும் குவியல்கள் வரிசையாக எழுந்து நின்றன. மற்ற இடமெல்லாம் பழையபடி பாய்தான்.

சார் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "இதுங்க சாகவே இல்லம்மா. சுத்தி இருந்ததுங்க வளரவிடாம அடக்கி வச்சிருக்கு. அடேயப்பா, இதுதான் ரிசல்ட்டே! பழைய தட்டெல்லாம் எங்க?"

"ப்ளீச்ல போட்டுட்டேன் சார்."

"எல்லாத்தையுமா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், அழுகைதான் வந்தது. மார்ச்சுக்குள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். சாகாததைச் செத்துவிட்டதாக எழுதி, அதற்குப் பிறகு நானே கொன்றிருக்கிறேன், மூன்று வருடமாக.