யோகேந்திரன் சாரின் இடது கை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜொகூரில் தெப்ராவ் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பதினாறு வருடமாக அலுவலகக் கிராணி வேலை பார்க்கிறேன். கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க அப்பா அம்மாக்களுக்குப் பதில் சொல்கிறவளுக்கு வாய் நீளாமல் வேறு எது நீளும்? அந்த வாயால் நான் அதிகம் வம்புக்கிழுத்த ஆள் எங்கள் உடற்கல்வி ஆசிரியர் யோகேந்திரன் சார். அவரும் சளைத்தவர் இல்லை. "கோமளா, நீ பேசுற வேகத்துல ஓடியிருந்தா நாட்டுக்கே மெடல் கிடைச்சிருக்கும் லா" என்று திடலிலிருந்தே கத்துவார்.

சார் மூவார் ஊர்க்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். இளமையில் ஜொகூர் மாநிலத்துக்காகத் தடை தாண்டி ஓடியவர். மனைவி இறந்து எட்டு வருடம் ஆகிறது. ஒரே மகள் சிந்துஜா மெல்பர்னில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அழைப்பாள், பத்தேகாலுக்கு வைத்துவிடுவாள். பள்ளி ஒன்றரைக்கு முடிந்தாலும் சார் ஐந்து மணி வரை கிளம்ப மாட்டார். பந்துக்குக் காற்றடிப்பார், அழியாத கோட்டின் மேலேயே திரும்பக் கோடு போடுவார். நாங்கள் எல்லாரும் வீட்டுக்கு ஓடிய பிறகு காவலாளியோடு உட்கார்ந்து பாலில்லாத தே-ஓ குடித்துக்கொண்டிருப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் கோப்பை அடுக்கும் விளையாட்டுக்கு என்று பெட்டி பெட்டியாகப் பிளாஸ்டிக் கோப்பைகள் வந்தன. சார் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அலமாக்! கப்பை அடுக்கறதுக்கு நான் எதுக்கு? கேன்டீன் அக்காவைக் கூப்பிடுங்க" என்றார். பெட்டிகள் ஸ்டோரில் தூசி பிடித்துக் கிடந்தன.

அப்படிப்பட்டவர், போன நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று தாமாகவே தலைமையாசிரியையிடம் போய், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கோப்பை அடுக்கச் சொல்லித் தருகிறேன் என்றார். மழைக்காலம், திடல் சேறு, மண்டபத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று காரணமும் சொன்னார். நாங்கள் நம்பினோம்.

உண்மையான காரணம் எனக்குத் தெரியவந்தது பிறகுதான். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். விடுமுறையில் ஒரு நாள் காலை அவர் குளியலறையில் விழுந்துவிட்டார். பக்கவாதம். மூன்று மணி நேரம் ஈரத்தரையில் கிடந்து, ஊர்ந்து வந்து, போனை எட்டி எடுத்து ஆம்புலன்ஸை வரவழைத்திருக்கிறார். ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். கோணின வாய் நேரானது, கால் நடந்தது, இடது கை மட்டும் திரும்பவில்லை. மகளிடம் சளிக்காய்ச்சல் என்று சொல்லி வைத்தார். எங்களிடம் அதுகூடச் சொல்லவில்லை. பள்ளிக்குத் தெரிந்தால் மருத்துவ வாரியத்துக்கு அனுப்புவார்கள், வாரியம் வேலையை விட்டு அனுப்பிவிடும், அதன் பிறகு காலையும் மாலையும் அந்த வீடுதான். அவர் பயந்தது அதற்குத்தான்.

கோப்பை அடுக்குவதில் இரட்டையர் ஆட்டம் என்று ஒன்று உண்டு. ஒருவர் வலது கையை மட்டும் பயன்படுத்துவார், பக்கத்தில் நிற்பவர் இடது கையை மட்டும். இரண்டு பேரும் ஒரே ஆள் போலக் கோபுரம் கட்டிக் கலைக்க வேண்டும். சார் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு பிள்ளையை இடப்பக்கம் நிறுத்திக்கொண்டு, மூன்று, ஆறு, மூன்று கோப்பை என்று மளமளவென்று அடுக்குவார். தனியாக அடுக்குவது பக்கமே போகவில்லை. "முதல்ல சேர்ந்து செய்யக் கத்துக்குங்க, தனியா அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு அது ஒரு நல்ல பாடமுறையாகவே தெரிந்தது.

எனக்குமா கண் அவிந்துபோயிற்று! பொத்தான் சட்டை போய் டீ-சட்டை வந்தது. கயிறு கட்டும் சப்பாத்து போய்ச் செருகிக்கொள்ளும் சப்பாத்து வந்தது. காரை விற்றுவிட்டதாகச் சொல்லி வாடகைக் காரில் வந்து இறங்கினார். இடது கை எப்போதும் கால்சட்டைப் பைக்குள் இருந்தது. நான் என்ன கேட்டேன் தெரியுமா? "என்ன சார், ஹீரோ மாதிரி பாக்கெட்ல கைய விட்டுக்கிட்டு? பொண்ணு கிண்ணு பாக்கறீங்களா?" அவர் சிரித்துவிட்டுப் போனார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான்காவது மாதம் வாசுகி வந்தாள், மூன்றாம் ஆண்டு லோஷினியின் அம்மா. தினமும் எல்லை தாண்டிப் போய்வரும் சிங்கப்பூர் தொழிற்சாலையில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்த கோபம் முகத்திலேயே இருந்தது.

"என்னக்கா சொல்லிக் குடுக்கறாங்க இங்க? வெள்ளிக்கிழமை கோயில்ல ஐயர் திருநீறு குடுக்கறாரு, இவ இடது கைய நீட்டறா! வீட்டுலயும் தட்டு, கிளாஸ் எல்லாம் அந்தக் கையாலதான் நீட்டறா. கேட்டா, இடது கையும் கைதான்னு சார் சொன்னாராம். மாமியார்கிட்ட வாங்கிக் கட்டிக்கறது நான்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நல்ல வார்த்தை நாலு சொல்லி நானே அனுப்பி வைத்திருக்கலாம். வேடிக்கை பார்க்கும் ஆசை யாரை விட்டது? வாசுகியை நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சார் மாட்டிக்கொண்டு முழிப்பார், அதை வைத்து ஒரு மாதம் கிண்டல் செய்யலாம் என்று கணக்குப் போட்டேன்.

தலைமையாசிரியை ஷர்மினி கெட்டவர் இல்லை. எல்லாம் விதிப்படி நடக்க வேண்டும் அவருக்கு, அவ்வளவுதான். மறுநாளே சாரின் பாடத்தைப் பார்க்கப் போனார். கோப்புக்குப் படம் எடுக்க என்னையும் அழைத்துப் போனார்.

மண்டபத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இரட்டையர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஷர்மினி சொன்னார்: "நல்லா இருக்கு சார். இப்போ நீங்க தனியா, ரெண்டு கையாலயும் ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. பிள்ளைங்க பாக்கட்டும்."

சார் வலது கையால் இடது கையைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். ஒரு பொருளைத் தூக்கி வைப்பதுபோல அதை மேசை மேல் வைத்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோப்பையைப் பிடிக்க அந்த விரல்கள் மடங்கவேயில்லை. இடது பக்கக் கோப்பைகள் சரிந்து தரையெல்லாம் உருண்டன. ஷர்மினிக்கு ஒன்றும் புரியவில்லை. "பரவால்ல சார், இன்னொரு தடவை" என்றார்.

லோஷினி எழுந்து ஓடி வந்தாள். சாரின் இடப்பக்கம் நின்றுகொண்டாள்.

"டீச்சர், சாருக்கு அந்தக் கை வராது. இன்னிக்கு என் முறை."

"முறையா? என்ன முறை?"

சொல்லிவிட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வட்டத்திலிருந்து தீபன் என்ற பையன், "சொல்லக் கூடாதுன்னு எல்லாரும் பேசி வெச்சோமே! ஏன்டி சொன்ன?" என்று கத்தினான். லோஷினி ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

ஷர்மினி தீபனை அழைத்து மெதுவாகக் கேட்டார். அவன் தயங்கித் தயங்கித் தன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். கிழமை வாரியாகப் பெயர் எழுதியிருந்தது. கோப்பைக்கு யார், சாரின் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வைக்க யார், கோப்பை மூட்டையைத் தூக்க யார் என்று.

"முதல் வாரமே எங்களுக்குத் தெரியும் டீச்சர். சார் கேக்கல. நாங்களே போட்டோம்."

நான் சாரைப் பார்த்தேன். அவர் குனிந்து அந்தப் பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயராகப் படித்தார். கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது, துடைக்கவில்லை. பிறகு லோஷினியின் தலையில் வலது கையை வைத்து, "நீ தப்பா ஒண்ணும் சொல்லலடா" என்றார். அவள் அழுகை நிற்கவில்லை.

அலுவலகத்தில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. குளியலறையில் விழுந்த கதையைச் சார் அப்போதுதான் சொன்னார். ஷர்மினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் சார் இருக்கு. ஆனா, நாளைக்குப் பிள்ளைங்க முன்னாடி நீங்க விழுந்துட்டா?"

"வீட்டுல விழுந்தப்போ மூணு மணி நேரம் கிடந்தேன் டீச்சர்" என்றார் சார். "கூப்பிட்டுப் பாத்தேன். ஒரு நாதி இல்ல. இங்க விழுந்தா இருபத்திரண்டு பேரு கத்துவாங்க."

இத்தனை நீள வாயை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை வரவில்லை எனக்கு. ஷர்மினி என் பக்கம் திரும்பாமலே, "கோமளா, மருத்துவ வாரியப் பாரத்தை எடுத்துட்டு வாங்க" என்றார்.

நான்தான் தட்டச்சு செய்தேன். பெயர், வயது ஐம்பத்தாறு, பதவி. மகளுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அவ பாவம், அங்க இருந்து என்ன செய்வா? ஞாயித்துக்கிழமை நானே சொல்லிக்கறேன்" என்றார். சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

பாரத்தை அவர் முன் வைத்தேன். பேனாவை அழுத்தியதும் தாள் வழுக்கி நகர்ந்தது. இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி முயன்றார், மறுபடியும் நகர்ந்தது. இடது கை அவர் மடியில் கிடந்தது. நான் எழுந்து அவருடைய இடப்பக்கம் போய் நின்று, தாளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன்.

"தேங்க்ஸ்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான்கு மாதம் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த நான், அந்த மனிதருக்குச் செய்த ஒரே உதவி அதுதான்.