ஆல்வினைத் தாண்டிப்போன குவளை

நினைவுப் பகிர்வு என்றாலே ரோஸ்விதாவுக்குக் குமட்டும். ஜனவரி இரண்டாம் ஞாயிறு மதியம் க்ரைன்ஹைம் நடைச் சங்கத்தார் காட்டுக் குடிசையில் கூடி, திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, ஆளுக்கொரு பெட்டி ஸ்லைடுப் படம் போட்டுக் காட்டுவார்கள். மோசல் ஆற்றங்கரையில் குடித்த ஒயின், அல்சாசில் குடித்த ஒயின், இரண்டுக்கும் நடுவே மூச்சு வாங்க ஏறிய மலை. வீட்டு வாசல் வரைக்கும் திராட்சைத் தோட்டம் வைத்துக்கொண்டு, அடுத்த ஊர்த் தோட்டத்தைப் பார்க்க லீவு போட்டுப் போகிற ஜனம் வேறெங்கும் உண்டா என்று அவள் கேட்பாள். கேட்டுவிட்டு அவளும் பஸ்ஸில் ஏறிக்கொள்வாள்.

எழுபத்தோரு வயது அவளுக்கு. பதினாறு வயதில் ஒயின் கூட்டுறவுக் கிடங்கில் லேபிள் ஒட்டப் போனவள், நாற்பத்துநாலு வருஷம் கழித்துத்தான் அந்த வாசலை விட்டு வெளியே வந்தாள். பிப்ரவரிக் குளிரில் கூலிக்குத் திராட்சைக் கொடி கட்டிக் கட்டி விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. கிடங்கு மேலாளரே அவளைக் கண்டால் வேறு வாசல் வழியாகப் போவார் என்பார்கள். பிள்ளை இல்லை. புருஷன் ஆல்வின் தபால்காரன், அதிர்ந்து பேசாதவன். ஹார்ட் மலைக்காட்டில் அவனுக்குத் தெரியாத பாதை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நடைக்கு அவன்தான் முன்னே போவான், நாற்பது பேர் பின்னே போவார்கள்.

1990 அக்டோபரில் ஒரு ஞாயிறு அதெல்லாம் முடிந்துபோனது. அன்று மூடுபனி. கல்மேட்டுக்கு அருகே பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஆல்வின் இடப்பக்கம் திரும்பினான். அந்தப் பாதை பழைய கல்குவாரி விளிம்பில் போய் முடிந்தது. சங்கத் தலைவர் எகோனின் மனைவி ஹில்டே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். எகோன்தான் ஓடைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே மற்றவர்களைச் சாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மரத்தில் தீட்டிய பாதைக்குறி இடப்பக்கம்தான் இருந்தது என்று ஆல்வின் அன்றைக்குச் சொன்னான். செவ்வாய்க்கிழமை எகோன் போய்ப் பார்த்தார். இடப்பக்கம் எந்தக் குறியும் இல்லை. அதன் பிறகு ஆல்வின், "என் தப்புதான்" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

யாரும் அவனைத் திட்டவில்லை. ஒயின் விளையும் அந்தப் பால்ஸ் நாட்டில் திட்டத் தேவையில்லை. விரல் பதியும்படி குழி குழியாக வார்த்த அரை லிட்டர்க் குவளையில் ஒயினும் சோடாவும் ஊற்றி, மேஜைக்கு ஒன்றாக வைப்பார்கள். ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுப்பார். முன்பின் தெரியாத ஆள் வந்து உட்கார்ந்தாலும் குவளை அவனிடமும் போகும். அந்த வாரம் தொடங்கி அது ஆல்வினை மட்டும் தாண்டிப் போனது. அவனும் வராமல் இருக்கவில்லை. தனக்கென்று ஒரு குவளை வாங்கிக்கொண்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து தனியாகக் குடித்தான். சாகும்வரை, இருபத்துமூன்று வருஷம்.

இதில் கூத்து என்னவென்றால், குவளை ரோஸ்விதாவைத் தாண்டவில்லை. ஹில்டே பள்ளிக்கூடக் காலத்துத் தோழி. நொண்டிக்கொண்டே வந்து அவள் பக்கத்தில்தான் உட்காருவாள், தன் கையாலேயே கொடுப்பாள். புருஷன் தனியே குடிக்க ஊரோடு சேர்ந்து குடித்த ஒவ்வொரு வாயும் ரோஸ்விதாவுக்குக் கசந்தது. கசந்தாலும் குடித்தாள். அந்தக் கசப்பை எல்லாம் எகோன் தலையில் கொட்டினாள். மரங்களில் பாதைக்குறி தீட்டும் பொறுப்பு அந்த வருஷம் எகோனுடையது. தப்பாகத் தீட்டியதும் அவர்தான், யாரும் பார்க்குமுன் சுரண்டி அழித்ததும் அவர்தான், இதுதான் அவள் கணக்கு. வருஷா வருஷம் எகோன் மூடுபனிக் கதையை எடுத்து, "நம்ம தபால்காரரு கடுதாசிய மட்டுந்தான் ஒழுங்காக் கொண்டு சேர்ப்பாரு, ஆளுங்கள இல்ல" என்று முடிப்பார். குடிசையே குலுங்கிச் சிரிக்கும். ஆல்வினும் கொஞ்சம் சிரிப்பான். அதைத்தான் ரோஸ்விதாவால் தாங்கவே முடியாது.

அவன் செத்த பிறகாவது விட்டார்களா என்றால் இல்லை. அந்தக் கல்மேட்டுப் பிரிவில் ஒரு பெஞ்சு போட்டு, "வழிகாட்டி எகோன்" என்று செப்புத் தகடு அடிக்கப் போவதாகச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தைப் படித்த கையோடு ரோஸ்விதா பரணில் ஏறினாள். ஆல்வின் எதையும் தூக்கிப் போடாதவன். அவனுடைய ஸ்லைடுப் பெட்டிகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு அட்டைச் சட்டத்தில் அவன் கையெழுத்தில், "கல்மேடு, 15 அக்டோபர் 1990" என்று எழுதியிருந்தது. ஹில்டே விழுந்த ஞாயிற்றுக்கு மறுநாள்.

ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். கண்ணில் புரை, படமோ தபால்தலை அகலம். ஆனாலும் இடப்பக்கத்து மரத்தில் குறி இருப்பது தெரிந்தது. போதாதா. வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்துவிட்டது.

நினைவுப் பகிர்வு ஞாயிறு வந்ததும் அவள் நல்ல கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்லைடைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனாள். ஈரல் உருண்டையும் புளித்த கோசும் சாப்பிட்டு முடிந்தது. எகோன் மூடுபனிக் கதைக்கு வந்தார். அவர் தபால்காரரைத் தொடும் முன்பே அவள் எழுந்து நின்றாள். இந்த வருஷம் ஆல்வினும் ஒரு நினைவைப் பகிர்ந்துகொள்ளட்டும், இருபத்தைந்து வருஷமாக நீங்கள் பகிர்ந்தது போதும் என்றாள். சிரிப்பு அடங்கியது. எகோன் தோளைக் குலுக்கி, போடச் சொல்லிக் கைகாட்டினார்.

படம் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுந்தது. பனி இல்லாத காலை வெளிச்சம். இடப்பக்கத்து மரம். மரத்தின் அடியில் ஆல்வினின் உளி சாய்ந்திருந்தது. மரத்தில் குறி.

"பாத்தியா எகோன்?" என்றாள் ரோஸ்விதா. "குறி இல்ல, குறி இல்லன்னு ஊரெல்லாம் சொன்னியே. இது என்ன, மரம் பூசிக்கிட்ட உதட்டுச் சாயமா?"

எகோன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போனார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குழப்பமாக, "இது நான் தீட்டுனது இல்லியே. கோடு மாறிக் கிடக்கு. சிவப்பு மேல இருக்கு" என்றார்.

அந்தப் பாதையின் குறி வெள்ளைக் கோடு மேலே, சிவப்புக் கோடு கீழே. ஊர்க்குழந்தைக்கும் தெரியும். தெரியாமல் தீட்டியது ஒரே ஒரு ஆள். அந்த வருஷ வசந்தத்தில் எகோன் தோட்ட வேலையில் மாட்டிக்கொள்ள, கஷ்கொட்டைத் தோப்புப் பக்கத்துக்கு மட்டும் ஆல்வின் அவருக்காகத் தூரிகை எடுத்தான்; மற்றதெல்லாம் எகோன் தீட்டியது. அவனுக்கு முதுகு பிடித்துக்கொள்ள, ஒரே ஒரு மதியம் ரோஸ்விதா டப்பாவோடு காட்டுக்குப் போனாள். சிவப்பை மேலே போட்டுத் தீட்டிவிட்டு வந்தாள். அன்று சாப்பாட்டு மேஜையில் ஆல்வின் புரையேறச் சிரித்தான். நம் சங்கம் இனிமேல் தலைகீழாகத்தான் நடக்க வேண்டும் என்றான். மறுவாரம் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டதாகச் சொன்னான். கஷ்கொட்டைத் தோப்புப் பக்கம்தான் தீட்டினோம் என்று அவளும் நினைத்திருந்தாள். பிரிவைத் தாண்டி வேறு பாதையில் ஏறிப் போனது அவளுக்கே தெரியாது. அவள் அங்கே போயிருப்பாள் என்று தெரியாததால் அந்த ஒரு மரத்தை ஆல்வின் தேடவும் இல்லை.

திங்கட்கிழமை தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். படம் எடுத்திருக்கிறான். உளியால் சுரண்டியிருக்கிறான். வீட்டுக்கு வந்து அவள் வைத்த சூப்பைக் குடித்திருக்கிறான்.

ரோஸ்விதாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா. எகோனைச் சபித்துச் சபித்தே என் ஆயுசு போகிறதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாயே. இப்போதும் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. எந்தப் பொடியன் தீட்டினானோ என்று ஊர் பேசிவிட்டுப் போகும். ஆனால் ஆல்வின் கடைசிவரை பொய்யனாகவே இருப்பான், ஆதாரம் கிடைத்தும்.

"அது என் கை," என்றாள். "அந்த வசந்தத்துல நான் தீட்டுனது. ஆல்வினுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு இப்பத்தான் தெரியும்."

ஹில்டே தன் ஊன்றுகோலைப் பார்த்தாள், பிறகு ரோஸ்விதாவைப் பார்த்தாள். ஹில்டே கையில்தான் குவளை இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு ஆல்வின் வந்தப்ப மூஞ்சத் திருப்பிக்கிட்டேன்டி," என்றாள் ஹில்டே. "பூவ வாங்கித் தரையில போட்டேன். குனிஞ்சு பொறுக்கிட்டுப் போனாரு. நீயும் அப்ப கூட நின்ன."

நின்றாள்தான். அன்று முழுக்க ஆல்வினைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

எகோன் திரும்பி வந்து உட்கார்ந்தார். பெஞ்சில் தன் பெயர் வேண்டாம் என்றார். யாருடைய பெயர் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. ஹில்டே கையிலிருந்த குவளையை வாங்கி, "ஆல்வினுக்கு" என்று சொல்லி ஒரு வாய் குடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். ஹில்டே குடித்தாள். பக்கத்தில் ரோஸ்விதா கையை நீட்டியிருந்தாள். ஹில்டே அவள் கைக்கு மேலாகக் குவளையைக் கொண்டுபோய், அந்தப் பக்கம் இருந்த சங்கத்துக்காரி கோர்ட்ரூனிடம் கொடுத்தாள். கோர்ட்ரூன் ஒரு கணம் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

ரோஸ்விதா நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து கவுண்டருக்குப் போய், தனக்கென்று ஒரு குவளை வாங்கினாள். மேஜையின் ஓரத்தில் ஆல்வின் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்து, அடுத்த வருஷம் எந்த ஊருக்கு ஒயின் குடிக்கப் போவது என்று அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே, அரை லிட்டரையும் அவள் ஒருத்தியே குடித்து முடித்தாள்.